கம்பியில இருக்கிற காகத்துக்கு ஆரு காவலி போட்டது?

கேள்வி, 18 மே 2023

ஒரு அறிக்கையத் தமிழாக்கிட்டு இருக்கன். வெள்ளத்தில அகப்பட்ட சனத்துட கஷ்டத்தில இருந்து அதிகாரிகள் "இன்சுலேற்றட்" ஆகி இருக்காங்க எண்டு அதில ஒரு வசனம். பள்ளிக்கூடத்துப் பௌதிகவியல் ஞாபகத்தில "மக்களின் துயரத்திலிருந்து காவலிடப்பட்ட அதிகாரிகள்" எண்டு எழுதிக் குடுத்தன். கந்தோரில ஒரே சிரிப்பு. பொலிஸ் காவலா, வீட்டுக் காவலா எண்டு கேட்டாங்க. வயருக்கும் மனிசருக்கும் பொதுவா ஒரு தமிழ்ச்சொல் இருக்கா? வயரிங் தெரிஞ்ச ஆக்கள் இருந்தாச் சொல்லுங்க.

18 மே, இரவு 9.40

இருக்கன் பிள்ளை. மட்டக்களப்பு ஆரையம்பதிப் பக்கம் 1989ல இருந்து வீடுகளுக்கு வயரிங் செய்றன், நடுவில மூணு வருசம் கட்டார். பண்டிதன் இல்ல.

காவலி, அதாவது கரண்டப் போக விடாத பொருள், பிழையான சொல் இல்ல. எங்கட விஞ்ஞானப் புத்தகத்தில கடத்தி, காவலி, குறைகடத்தி எண்டுதான் இருக்கு. ஆனா வேலைத்தலத்தில அந்தச் சொல்ல நான் ஒருநாளும் வாயால சொன்னதில்ல. "கவர் சீவு", "ரேப் சுத்து", "இன்சுலேசன் போயிற்று", இவ்வளவுதான் எங்கட பாசை. இந்தியாக்காரர் காப்பிடுதல் எண்டு எழுதுவாங்க. அதிலயும் வில்லங்கம் இருக்கு. அவங்களுக்குக் காப்பீடு எண்டா இன்சூரன்ஸ். ஒரு இகரம் நீண்டா வயர் கவர் லைஃப் பொலிசி ஆகிரும். எங்களுக்கு அது காப்புறுதி, அந்த மட்டில தப்பினம்.

உங்கட வசனத்துக்கு: "சனத்துட துயரம் மேல்படாத அதிகாரிகள்". படுதல் எண்டது தமிழில நல்ல வேலைகாரச் சொல். கரண்டும் படும், வெயிலும் படும், கண்ணும் படும், கஷ்டமும் படுவம்.

19 மே, காலை 6.15

ராத்திரி படுத்த பிறகு ஒண்டு யோசிச்சன். இன்சுலேற் எண்ட சொல் லத்தீனில இருந்து வந்தது, இன்சுலா எண்டா தீவு. தனிச்சிருக்கிறதுக்குச் சொல்ற ஐசொலேற்றும் அதே வேரில முளைச்சதுதான். அப்பிடிப் பார்த்தா இன்சுலேற்றட் எண்டா "தீவாக்கப்பட்ட".

எங்கட மட்டக்களப்பு நகரத்துட நடுவே புளியந்தீவு. போர்த்துக்கேயன் 1628ல கோட்டை கட்டினதும், பத்து வருசத்தில ஒல்லாந்தன் அதைப் பிடிச்சதும் அந்தத் தீவிலதான். சுத்திவரத் தண்ணி, உள்ளுக்கு ஆட்சி. அரசாங்கக் கந்தோரக் கச்சேரி எண்டு சொல்லி நாங்க ஏறி இறங்கினதும் அந்தக் கோட்டைக்குள்ளதான். ஆகவே பிள்ளை, உங்கட அதிகாரிமார "தீவார்" எண்டு போடலாம். கந்தோரில இன்னும் கூடச் சிரிப்பாங்க.

19 மே, காலை 6.22

திருத்தம். பாலம் போட்ட தீவு தீவு இல்ல. புளியந்தீவில நிண்டா தீவில நிக்கிற எண்ணமே வராது. ஒரு கம்பி குறுக்க விழுந்தாக் காணும், காவல் எல்லாம் முடிஞ்சு.

22 மே, இரவு 10.05

கீழ ஒரு தம்பி கேட்டிருக்கார், "அப்ப கம்பியில காகம் இருக்கே, அதுட காலில காவலியா இருக்கு?" எண்டு. நல்ல கேள்வி, நிறையப் பேர் அப்பிடித்தான் நம்புறாங்க.

இல்ல தம்பி. காகத்துட காலும் கரண்டக் கடத்தும். கம்பியும் அம்மணக் கம்பி, மேல ஒரு கவரும் இல்ல. காகம் தப்புறது ரெண்டு காலும் ஒரே கம்பியில இருக்கிறதால. ரெண்டு காலுக்கும் நடுவில மின்னழுத்த வித்தியாசம் இல்லாட்டிக் கரண்டுக்கு அதுக்குள்ளால போக ஒரு தேவையும் இல்ல. அதே காகம் ட்ரான்ஸ்போமரடியில செட்டைய விரிச்சு, ஒரு நுனி ஒரு கம்பியிலயும் மற்றது இன்னொண்டிலயும் முட்டிச்சு எண்டா "டப்" எண்டு ஒரு சத்தம். மறுகா ஊர்க்காகம் எல்லாம் கூடி அரை நாள் கத்தும். நீங்களும் பார்த்திருப்பீங்க.

இதை ஏன் நீட்டுறன் எண்டா, 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்குப் பதின்மூணு மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்களே, அப்ப எங்கட ஒழுங்கையில ஒரு வீட்டில மட்டும் மின்விசிறி சுத்தினது. பிள்ளைகள் வெளிநாட்டில, இன்வேட்டர், பெரிய பற்றரி. அந்த வீட்டுக்காரர் என்னட்டச் சொன்னார், "எங்களுக்கு ஒண்டும் தெரியல்ல மேசன்" எண்டு. (வயரிங்காரனையும் மேசன் எண்டுதான் கூப்பிடுவார், சொல்லிச் சொல்லி அலுத்திட்டன்.) மூணு மாதத்தால அவர்ர மனிசிக்கு மருந்து வாங்கப் போய், காசு கையில இருக்க மருந்து இல்லாம ஆசுபத்திரிக்கும் பாமசிக்கும் அலைஞ்சார். அவருக்குக் காவலி இருக்கெண்டு நாங்க எல்லாரும் நினைச்சம். அவர் கம்பியில இருந்த காகம். மற்றக் கம்பியில முட்டுற வரைக்கும் ஒண்டும் தெரியாது.

24 மே, பகல் 1.30

காத்தான்குடிக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மார அப்பிடித்தான் கூப்பிடுவம்) ஒருத்தர் எழுதியிருக்கார், மீன் யாவாரம். "அண்ணன், கரண்டக் கட்டிப் பிடிச்சிட்டு நிக்கிறீங்க, எங்கட வெள்ளை நுரை ரெஜிபோம் பெட்டிய மறந்திட்டீங்க" எண்டு. காக்கா சொன்னது சரி. சூட்டுக்கும் காவலி இருக்கு.

ரெஜிபோம் பெட்டியில நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்று. நீங்க காசு குடுத்து வாங்கிறது அசையாம அடைச்சு வைச்ச காற்ற. அந்தப் பெட்டி வாறதுக்கு முதல் ஐஸ் பாளத்த மரத்தூளுக்குள்ளயும் உமிக்குள்ளயும்தான் புதைச்சு வைப்பாங்க, அதுவும் அதே வித்தைதான். கிடுகு வீடும் அப்பிடித்தான், ஓலைக்கும் ஓலைக்கும் நடுவில காற்று. சுனாமிக்குப் பிறகு 2005ல எங்களத் தகரக் கொட்டிலில இருத்தினாங்க. பகல் பதினொரு மணிக்கு உள்ளுக்கு இருக்க ஏலாது, பிள்ளைகள் எல்லாம் வேம்புக்குக் கீழ. ஆரோ ஒருத்தர் தகரத்துக்கு மேல கிடுகு வேய்ஞ்சார், ஒரு கிழமைக்குள்ள வரிசை முழுக்க வேய்ஞ்சிட்டு. புதுத் தகரம் தெரியாமப் போச்செண்டு பார்க்க வந்த பெரியாக்களுக்கு மனவருத்தம்.

காக்கா இன்னொண்டும் கேட்டிருக்கார், பெட்டி குளிரைத் தருமா எண்டு சனம் கேக்குதாம். தராது. சும்மா பெட்டிக்குள்ள மீனப் போட்டா நாறத்தான் செய்யும். பெட்டிக்கு உள்ளுக்கு என்ன இருக்கெண்டு தெரியாது, அதுட வேலை போக்குவரத்த மறிக்கிறது மட்டும்தான். சுடுதண்ணிப் போத்தலும் அப்பிடியே. ஐஸ் போட்டா ஐஸ், தேத்தண்ணி போட்டாத் தேத்தண்ணி.

24 மே, பகல் 2.10

இடையில ஒருத்தர் தாமரை இலைத் தண்ணி எண்டும், இன்னொருத்தர் எருமை மாட்டில மழை பெய்த மாதிரி எண்டும் எழுதியிருக்காங்க.

தாமரை இலை ஞானிக்குச் சொல்றது, அதை அதிகாரிக்குக் குடுத்தா அவர் சந்தோசப்படுவார். எருமையப் பற்றி எனக்கு மனக்குறை இருக்கு. தயிர்முட்டி வாங்கித் தின்னுற மட்டக்களப்பான் அந்த வார்த்தைய எழுதக்கூடாது. எருமைக்கு வெயில் மற்ற மாட்ட விட நல்லாத் தெரியும், வேர்வை குறைவு, அதாலதான் சேத்துக்குள்ள போய்க் கிடக்குது. மழை பெய்தா அசையாம நிக்கிறது உணர்ச்சி இல்லாமல் இல்ல, சுகம் கண்டுதான்.

5 ஜூன், இரவு 8.50

குளிர்த்தி முடிஞ்சு இண்டைக்குத்தான் வீடு வந்து சேர்ந்த மாதிரி. ரெண்டு கிழமையா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல்ல. கண்ணகை அம்மன் கோயிலுக்கு லைட் போட்டதும் நான்தான், பந்தலுக்கு வயர் இழுத்ததும் நான்தான், சம்பளம் அம்மன்ட கணக்கில.

ஏணியில நிண்டுகொண்டு யோசிச்சன். வைகாசிக்குக் கதவு திறந்து, சடங்கு செய்து, கடைசியாக் குளிர்த்தி பாடி அம்மன்ட கோவத்தக் குளிர வைக்கிறம். மதுரைய எரிச்சிட்டு வந்த சூடு. அதை நாங்க மூடிக் கட்டி வைக்கல்ல. வருசா வருசம் கதவத் திறந்து வெளிய விட்டுத்தான் குளிர வைக்கிறம்.

காப்புக் கட்டுறதும் அப்பிடி யோசிக்க வைச்சது. கட்டினவர் ஊரெல்லை தாண்டக்கூடாது, சாவீட்டுக்குப் போகக்கூடாது, கண்டதத் தின்னக்கூடாது. மஞ்சள் நூல் ஒண்டு மணிக்கட்டில, ஆனா முழு மனிசனுக்கும் கவர் போட்ட மாதிரி. வளவுக்குக் காவல் பண்றதும் எங்கட ஊர் வேலைதான், நாலு மூலையிலயும் தாட்டு, மந்திரிச்சு. யாழ்ப்பாணத்துச் சினேகிதன் ஒருத்தன் இண்டைக்கும் என்ட வீட்டில பாயில இருக்க மாட்டான், மந்திரத்தால பாயோட ஒட்டவைச்சிருவம் எண்டு பயம். கதிரைதான் கேப்பான். கதிரையில ஒட்டவைக்க ஏலாதெண்டு ஆர் அவனுக்குச் சொன்னதோ.

அப்ப உங்கட கந்தோர்க்காரர் சிரிச்சது சொல்லுட குறையில்ல பிள்ளை. காவல் எங்களுக்கு ஒரு ஆள் இருந்து பார்க்கிற வேலை. வயல் வட்டையில பரண் கட்டி விடிய விடிய முழிச்சிருக்கிறது. காவலி முழிச்சிருக்காது.

11 ஜூன், இரவு 11.20

கட்டார் பற்றி எழுதச் சொல்லி ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. காவலி வேலைதான் அங்க செய்தன்.

2005 கடைசியில போனன். வயரிங்காரன் எண்டு ஏசென்சிக்காரன் எழுதி அனுப்பினான், அங்க போய் இறங்கினாக் கையில தந்தது பசை டின்னும் கறுப்பு றப்பர்க் குழாயும். பெரிய கட்டடங்களுட ஏசிக்கு ஆறேழு பாகையில குளிர்தண்ணி ஓடுற பைப், அதுக்கு மேலங்கி போடுற வேலை. குளிர்காத்துப் போற டக்டுக்குக் கண்ணாடிப் பஞ்சு. அந்தப் பஞ்சு இருக்கே, கண்ணுக்குத் தெரியாத ஊசி. முழங்கையில, கழுத்து மடிப்பில, கண்மடலில. குளிச்சாலும் போகாது, சொறிஞ்சா இன்னும் உள்ளுக்குப் போகும். வெள்ளிக்கிழமை சாரம் உடுத்தாலும் சாரத்திலயும் அது.

மேலங்கி போடுறதில எங்கட ஃபோர்மன் மலையாளத்தான் ஒண்டு சொல்லித் தந்தான். மொத்தமாப் போட்ட இடம் ஒருநாளும் பிழை விடாது. பிழை விடுறது ஒட்டுவாய். ரெண்டு குழாய் சேருற இடத்தில நூலளவு வெளி இருந்தாலும் சுத்தியிருக்கிற ஈரக்காற்று அதுக்குள்ள போய்க் குளிர்ந்து வேர்க்கும். பைப் வேர்த்து, சொட்டி, சீலிங்கில மஞ்சள் வட்டம் விழும். அந்த வட்டத்தப் பார்த்தா ஒட்டுவாய் எங்க எண்டு தெரியும்.

அங்க இருக்கக்குள்ளதான் அப்பா மோசம் போனார். 2006 செப்டெம்பர், நெஞ்சு நோ. எனக்குச் சொல்லல்ல. பாஸ்போட் கொம்பனியில, ஏசென்சிக் கடன் பாதி மிச்சம், டிக்கட்டுக்கு வழியில்ல. சொல்லி என்ன செய்ய எண்டு அம்மாவும் அக்காவும் முடிவெடுத்து, முப்பத்தொராம் நாள் கிரியை முடிஞ்ச பிறகுதான் போனில சொன்னாங்க. அதுவரைக்கும் நான் கோல் எடுத்தா அப்பா கடைக்குப் போயிற்றார், நித்திரை, வட்டைக்குப் போயிற்றார். இன்சுலேற்றட் எண்டா இதுதான் பிள்ளை. எனக்கு மேலங்கி போட்டது என்ட வீட்டாக்கள்.

12 ஜூன், பகல் 12.45

அனுதாபம் எழுதின எல்லாருக்கும் சரி. பதினேழு வருசமாச்சு. தலைப்புக்கு வாங்க.

பௌதிகம் படிப்பிச்ச சேர் ஒருத்தர் எழுதின கதைய எல்லாரும் வாசியுங்க, நான் சுருக்கிச் சொல்றன். 1729ல ஸ்டீபன் கிரே எண்ட இங்கிலாந்துக்காரர் நீட்டுக் கயிற்றில மின்சாரம் போகுதா எண்டு பார்த்திருக்கார். கயிற்ற நிலத்தில முட்டாம தூக்கிக் கட்டினது பட்டு நூலால. பட்டு அறுந்து போச்சு. பாரம் தாங்கட்டும் எண்டு அதே மெல்லிசில பித்தளைக் கம்பி போட்டார், மின்சாரம் ஒண்டும் மற்றப் பக்கம் போய்ச் சேரல்ல, எல்லாம் கம்பியால ஒழுகிப் போச்சு. அப்பதான் விளங்கினது, மெல்லிசு மொத்தம் இல்ல விசயம், எந்தப் பொருள் எண்டதுதான்.

பட்டுப் பட்டதால படல்ல. இதை எழுதத்தான் காலையில இருந்து காத்திட்டு இருந்தன்.

18 ஜூன், இரவு 9.15

வெல்லாவெளிப் பக்கம் ஒரு வேலைக்குப் போய் வந்தன். அங்க யானை வேலி. நட்ட தறிக்கட்டையில காவலி பூட்டிக் கம்பி இழுத்து, சில ஆயிரம் வோல்ற்று, ஆனா விட்டு விட்டு ஒரு துடிப்பு, அடிச்சா நோகும், கொல்லாது. காவலி இல்லாட்டிக் கம்பியில ஓடுறது எல்லாம் தறியால நிலத்துக்குப் போயிரும். அதாவது யானைய அடிக்கிற வேலி நிண்டு பிடிக்கிறதே காவலியாலதான்.

யானை லேசுப்பட்டதில்ல. கொம்பன் எண்டாக் கொம்பால கம்பியத் தூக்கும், கொம்பு கரண்டக் கடத்தாது. எங்கட யானைகளில கொம்பு உள்ளது குறைவு. மற்றதுகள் கம்பிய விட்டிட்டுத் தறிய உள்ளங்காலால தள்ளுது. எது படும், எது படாது எண்டு அதுக்கு வடிவாத் தெரியும். என்ட மருமகனுக்கு இன்னும் தெரியாது, போன மாதமும் ஈரக்கையோட ஹோல்டரக் கழட்டினார். (ரிப் சுவிச் விழுந்தது. முப்பது மில்லியம்பியர் கரண்ட் ஒழுகினாலே விழும். அந்தச் சுவிச்சுக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம்.)

சில பேர் வீட்டு மெயினில இருந்து நேரா 230 வோல்ற்ற வேலிக்குக் குடுக்கிறாங்க. யானையும் சாகுது, விடியப்புறம் வரம்பால போற மனிசரும் சாகிறாங்க. அப்பிடி வயர் இழுத்துத் தரச் சொல்லி என்னட்டயும் ஒருத்தர் கேட்டார். ஏசி அனுப்பினன். வேற ஆரையும் பிடிச்சிருப்பார்.

19 ஜூன், காலை 5.50

கடற்கரை வீதிக்காரர் ஒருத்தருக்குப் பதில்: விடியப்புறத்தில போஸ்டில "சீஈஈ" எண்டு இரையுறது பேய் இல்ல. காவலிக் கிண்ணத்தில உப்புப் படிஞ்சிருக்கு. கடற்காத்து நாளுக்கு நாள் தூவுற உப்பு காய்ஞ்சு கிடக்கும் மட்டும் ஒண்டும் செய்யாது. பனி இல்லாட்டித் தூறல் விழுந்தா அந்த உப்பு நனைஞ்சு கரண்டுக்கு ஒரு ஒற்றையடிப் பாதை கிடைச்சிரும். கிண்ணம் குடை மாதிரிக் கவிழ்ந்து இருக்கிறதே அடிப்பக்கம் நனையாம இருக்கத்தான். பெருமழை வந்தாக் கழுவிக்கொண்டு போயிரும், சத்தமும் நிண்டிரும். வீடு வயரிங்கும் அப்பிடித்தான், ஒருநாளில போறதில்ல. பழைய வீடுகளில 500 வோல்ற்று மெகர் (இன்சுலேசன் அளக்கிற மீற்றர்) பிடிச்சுப் பார்த்தா ஒரு மெகாஓம் கூட வராது, வீட்டுக்காரர் "நல்லாத்தானே லைட் எரியுது" எண்டு நிப்பார்.

2 ஜூலை, இரவு 12.30

11ம் திகதி எழுதினதத் திருத்த வேணும். அழிக்கல்ல, கிடக்கட்டும்.

எனக்கு மேலங்கி போட்டது வீட்டாக்கள் எண்டு எழுதினன். பாதிதான் உண்மை. அண்டைக்கு இருந்து அந்த வசனம் தொண்டையில முள் மாதிரி.

செப்டெம்பர் நடுவில ஒரு வெள்ளிக்கிழமை. காட் போட்டுக் கதைக்கிற பூத்தில நிக்கன், பின்னால ஆறேழு பேர் வரிசை. கழுத்தில கண்ணாடிப் பஞ்சு கடிக்குது. அம்மா எடுத்தா. அப்பா எங்க எண்டன். "வட்டைக்குப் போயிற்றார் மனே, பாதையேறிப் போயிற்றார், வரப் பொழுதுபட்டிரும்" எண்டா. பாதை எண்டது மண்முனைத் துறையில ஆக்கள ஏத்தி இறக்கின மிதவை, அப்ப பாலம் இல்ல. அக்கரையில எங்களுக்கு ரெண்டேக்கர், மழைய நம்பின பூமி, பெரும்போகம் மட்டும். மாசி பங்குனியில வெட்டிச் சூடு அடிச்சா மறுகா மழை வாற மட்டும் அந்த வட்டையில மாடு கூட நிக்காது. செப்டெம்பரில அப்பாவுக்கு அங்க என்ன வேலை? நான் காணி நிறைஞ்ச போடியார் வீட்டுப் பிள்ளை இல்ல, அந்த வரம்பில அப்பாவோட நடந்து வளர்ந்தவன். கேட்ட அந்தச் செக்கனே எனக்கு விளங்கினது. ஒட்டுவாய் வேர்த்துச் சொட்டினது கண்ணுக்கு முன்னால.

ஏன் வட்டைக்குப் போனார் எண்டு ஒரு கேள்வி கேட்டிருந்தா அம்மா உடைஞ்சிருப்பா. நான் கேக்கல்ல. அங்க மழை பெய்ததா எண்டு கேட்டன். இல்ல மனே, நல்ல வெயில் எண்டா. போன் காட்டில இன்னும் நாலு நிமிசம் மிச்சம் இருந்தது, பின்னால நிண்டவனுக்குக் குடுத்திட்டு வந்தன். அதுக்குப் பிறகு மூணு கிழமை கோல் எடுத்தன், அப்பாவப் பற்றி நானாக் கேக்கவே இல்ல. அவங்களும் சொல்லல்ல. முப்பத்தொராம் நாளுக்குப் பிறகு அக்கா சொன்னக்குள்ள, அப்பதான் கேள்விப்படுற ஆள் மாதிரிக் கத்தி அழுதன்.

பிள்ளை, அறிக்கை இன்னும் அச்சுக்குப் போகல்லத்தானே? அதிகாரிகளுக்கு நான் சொன்ன "மேல்படாத" எண்டத எடுத்திடுங்க. "மேல்படவிடாத" எண்டு போடுங்க.